பச்சைக் குழந்தை வீட்டில் அசதி: ராத்திரியில் ஒரு துண்டுத் தூக்கத்தை எப்படி மீட்பது

வேலூர்ப் பக்கம் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீட்டில் ராத்திரி பத்துக்குப் படுத்துக் காலை ஆறுக்கு எழுந்தவர்கூட அடித்துப் போட்டதுபோல் இருப்பார். கணக்குப்படி எட்டு மணி நேரம். ஆனால் நடுவில் ஐந்து தடவை எழுந்திருப்பார். பெரியவர்களின் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றாக ஓடுகிறது. உடம்பைத் தேற்றும் ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் படுத்த முதல் மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் வருகிறது. அந்த நேரத்தில் மணிக்கொரு தடவை எழுப்பிவிட்டால், அப்புறம் விடிய விடியப் படுத்திருந்தாலும் உடம்பு கேட்காது.

அதனால் "கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. வேண்டியது நான்கு முதல் ஐந்து மணி நேரம், யாரும் எழுப்பாத ஒரே துண்டு. வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் இருவருக்கும் ஒவ்வொரு துண்டு. ஏணை (சேலைத் தூளி) கட்டும் விதம், மாடித் தளத்தின் சூடு, இட்லி மாவு, ரத்தப் பரிசோதனை என்று கீழே வருவதெல்லாம் அந்தத் துண்டை வாங்குவதற்கும், வாங்கியதைக் காப்பதற்கும்தான்.

முதல் மூன்று ராத்திரி: எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று ராத்திரிக்குக் குறிப்பு எடுக்க வேண்டும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். தலைமாட்டில் ஒரு பென்சிலோடு வைத்து, குழந்தை எழுந்த நேரம், எதனால் என்று தோன்றியது, யார் எழுந்தது, எத்தனை நிமிடத்தில் மறுபடி தூங்கியது என நாலு விஷயம் மட்டும் குறியுங்கள். போனில் எழுத வேண்டாம். மணி பார்க்க எடுத்த போனில் அரை மணி நேரம் போய்விடும்.

நாலாம் நாள் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் அடிக்கடி எழுந்து, பிறகு விடியும்வரை நன்றாகத் தூங்கினால் அது புழுக்கம். மடியிலிருந்து பாயில் விட்டதும் எழுந்தால், மடியில்தான் தூங்குவது என்று பழகியிருக்கிறது. ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ராத்திரியில் புரண்டு ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுதால் கீரிப்பூச்சி என்று சந்தேகப்படலாம். பெண்பூச்சி ராத்திரியில்தான் வெளியே வந்து முட்டையிடும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரை, அல்பெண்டசோல், இதற்கும் கேட்கும். ஒன்று முதல் இரண்டு வயதுவரை அரை மாத்திரை, 200 மி.கி.; இரண்டுக்கு மேல் முழுசாக 400 மி.கி. கீரிப்பூச்சியாக இருந்தால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை தர வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டு, நகத்தை ஒட்ட வெட்டி, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைக்காவிட்டால் மறு மாதமே திரும்பி வரும். போடுமுன் செவிலியரிடமோ மருத்துவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலரை மணிக்கு எழுப்புவது கோயில் ஒலிபெருக்கி என்றால், அதுவும் மார்கழி மாதமென்றால், ஜன்னலைச் சாத்தி மின்விசிறிச் சத்தத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. யார் எப்போது விழித்திருப்பது என்று கீழே சொல்லும் முறையை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

முறை போடுவது

இருவர் இருக்கும் வீட்டில் சரிப்பட்டு வருகிற பிரிவினை இது: ராத்திரி ஒன்பது முதல் இரண்டு வரை ஒருவர் பொறுப்பு, இரண்டு முதல் ஏழு வரை இன்னொருவர். முறை இல்லாதவர் வேறு அறையில், வேறு அறை இல்லையென்றால் திண்ணையிலோ மாடியிலோ கொசுவலை கட்டிப் படுக்க வேண்டும். ஒரே பாயில் படுத்துக்கொண்டு "உன் முறை, என் முறை" என்று பிரித்தால் அழும்போது இருவருமே விழிப்பார்கள். இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

யாருக்கு எந்த முறை? காட்பாடியில் விடியற்காலை ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய்வருபவருக்கு முதல் முறை ஆகாது. அவர் எட்டரைக்கே படுத்து ஒன்றரைக்கு எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும், நாலு மணிக்கு அவர் கிளம்பும்போது அம்மா எழுந்துகொள்ளலாம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி வேன் காலையிலேயே தெருமுனைக்கு வந்துவிடும். வேனில் போகிறவர் ஒன்பதிலிருந்து இரண்டு வரை தூங்க வேண்டும். மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்ப்பவருக்குத் துண்டு பகலில்தான் விழும்: காலை ஒன்பது முதல் ஒன்றரை வரை, ஜன்னலில் கனமான துணி, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். "தூங்குறாங்களான்னு பாத்தேன்" என்று யாரும் எட்டிப் பார்க்காமலிருக்க.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். முதல் ஆறு வாரம் பால் சுரப்பு நிலைப்படும் காலம். அப்போது ராத்திரிப் பாலை விடக் கூடாது. அந்தச் சமயத்தில் அப்பாவோ பாட்டியோ பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யலாம். அழுதால் தூக்கி வருவது, துணி மாற்றுவது, அம்மாவின் பக்கத்தில் கிடத்துவது, குடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்துத் தூங்கப்பண்ணுவது. அம்மா ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடம் விழித்திருந்த இடத்தில் பதினைந்து நிமிடமாகும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். காலை ஆறு, ஏழு மணிக்குச் சுரப்பு அதிகம், அப்போது எடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பதினைந்து, இருபது நிமிடம் கையாலேயே எடுக்கலாம். 4 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 60 முதல் 90 மில்லி போதும். 25 டிகிரி அறையில் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள்; வேலூர் மே மாத அறைக்கு அது பொருந்தாது, எடுத்தவுடன் ஃபிரிட்ஜின் உள்பக்கம், கதவுத் தட்டில் அல்ல. அங்கே நாலு நாள் இருக்கும். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். பாட்டிலைவிடப் பாலாடையே மேல். கழுவுவது சுலபம், குழந்தைக்கு மார்புக் காம்பும் மறக்காது. ஒன்பதுக்கு அம்மா பால் கொடுத்துவிட்டுப் படுத்தால், பதினொன்றரைக்கு அப்பா பாலாடையில் கொடுப்பார், அம்மா எழ வேண்டியது ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான். எழும்போது மார்பு கனத்திருக்கும். அந்த வேளைப் பாலைக் கொடுத்தால் இறங்கிவிடும். ஓரிடம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் பால் கட்டியிருக்கிறது, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"ஆம்பளை ராத்திரி எழுந்து புள்ள பார்க்கறதா" என்று வீட்டில் பேச்சு வரும். வாதாடி வெல்ல முடியாது. ஒரு வாரம் செய்து காட்டினால், காலையில் மருமகள் முகத்தைப் பார்த்துப் பேச்சு தானாக அடங்குவதுண்டு.

தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு, கணவர் வெளிநாட்டிலோ ராணுவத்திலோ இருக்கிற வீட்டுக்கு, தினமும் இது முடியாது. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அம்மாவையோ அக்காவையோ வரவழைத்து முழுத் துண்டு வாங்கிவிட வேண்டும். ஏழு நாளும் அரைகுறையாகத் தூங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

தூக்கக் கலக்கத்தில் செய்யக் கூடாதது ஒன்று. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கண்ணயர்வது. இடுக்கில் நழுவி மூச்சடைக்கும். தூக்கம் வருவது தெரிந்தால் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொடுப்பதே பாதுகாப்பு. குழந்தை மல்லாந்து, பக்கத்தில் தலையணையும் மெத்துமெத்தென்ற போர்வையும் இல்லாமல். குடித்திருப்பவரும் புகை பிடிப்பவரும் அந்தப் பாயில் படுக்கக் கூடாது.

ஏணை

ஏணை ஒரு பெரிய உபகாரம். சரியாகக் கட்டினால் கைக்கு ஒரு மணி நேரம் ஓய்வு தரும். பழைய நூல் சேலை, கிழிசலில்லாதது. நைலக்ஸ், பட்டு வழுக்கும். உத்தரத்தில் இரும்புக் கொக்கி. மின்விசிறிக் கொக்கியில் கட்டவே கூடாது. ஏணையின் அடி தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் போக வேண்டாம், கீழே ஒரு ஜமக்காளம் மடித்துப் போடுங்கள். மேலே சேலையை அகட்டிப் பிடிக்க ஏணைக் கட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் துணி இரண்டு பக்கமும் நெருக்கிக் குழந்தையின் தாடை மார்பில் முட்டி நிற்கும், சின்னக் குழந்தைக்கு மூச்சு திணறும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும். ஏணையில் பார்வைக்குள்ளேயே தூங்கட்டும். ராத்திரி முழுக்க ஏணையில் விட்டு எல்லோரும் தூங்கிவிட வேண்டாம். குழந்தை தானாக உருளத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். மூன்று, நான்கு வயது அண்ணன் அக்காமார் அதில் முறுக்கிச் சுற்றி விளையாடும்போது கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். குழந்தை இல்லாத நேரத்தில் சேலையை மேலே சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

புழுக்கம்

வேலூரில் பிள்ளைகள் ராத்திரி அழுவதற்குப் பெரிய காரணம் தளம்தான். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயிலைக் கான்கிரீட் தளம் பகல் முழுக்க உள்வாங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குப் பிறகு அறைக்குள் இறக்குகிறது. அதனால் வெளியே குளிர்ந்த பிறகும் பன்னிரண்டு மணி வரை உள்ளே வெந்துகொண்டிருக்கும். பாலாற்றில் தண்ணீர் ஓடாத, சுற்றிலும் பாறை மலைகள் சூழ்ந்த ஊரில் அனல் சீக்கிரம் இறங்காது.

செய்ய வேண்டியதை வரிசைப்படி சொன்னால்: பிப்ரவரி கடைசிக்குள் மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு. முதல் நாளே ஊற வைத்து, கஞ்சித் தண்ணீரோ பசையோ கலந்து இரண்டு பூச்சு. ஒன்று காய்ந்த பின் அடுத்தது. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பலன் அதிகம், செலவும் குறைவு. அடுத்து, தென்னை ஓலையைத் தளத்தில் பரப்புவது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தண்ணீர் தெளிக்கலாம், தண்ணீர்ப் பஞ்சமில்லாத தெருவில். மூன்று மணிக்குத் தெளித்தால் நாலு மணிக்கு மறுபடி காய்ந்துவிடும், வீண்.

ஜன்னலைக் காலை ஒன்பதுக்குச் சாத்தி, சூரியன் இறங்கியதும் திறக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பகலில் "காத்து வரட்டும்" என்று திறந்து அனலை உள்ளே விட்டு, ராத்திரி கொசுவுக்குப் பயந்து சாத்துகிறார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் இரண்டும் தீரும்.

ஏர் கூலர் இங்கே ஏப்ரல், மே மாதத்தில் நன்றாக வேலை செய்யும், வறண்ட அனல் என்பதால். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தேங்கிக் கசகசக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கூலரால் பயனில்லை. தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு தடவை கொட்டி, ஓரங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் உயிரோடிருக்கும். ஏசி இருந்தால் 26-ல் வைத்து மின்விசிறியையும் ஓட விடுங்கள்.

குழந்தைக்குப் புழுக்கமா என்று அறிய உள்ளங்கையைத் தொடாதீர்கள், பிடரியைத் தொடுங்கள். ஈரமாக இருந்தால் துணியைக் கழற்றலாம். கோடையில் குல்லாயும் சாக்ஸும் வேண்டாம். ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வேலூர் வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே இருக்கிறது. அதைக் குடிக்க வேண்டியவர் அம்மா. மூன்று லிட்டர் வரை ஆகும், ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் ஒரு சொம்பு என்று வைத்துக்கொண்டால் எண்ண வேண்டியதில்லை. பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்கிற பத்தியத்தால் வருவது தலைவலியும் மலச்சிக்கலும்தான்.

பிள்ளை எட்டேகாலுக்குத் தூங்க

ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். சீரியல் முடிந்து பத்தரைக்குப் பிள்ளையும் படுக்கிற வீட்டில் இந்தக் கணக்கு எட்டாது. கூடுதல் அசதியில் பிள்ளை சாந்தமாகாது, துள்ளும், அழும், ராத்திரியில் அடிக்கடி விழிக்கும். நேரமாகிவிட்ட பிள்ளை களைத்துப்போய் நன்றாகத் தூங்கும் என்று நினைப்பது தப்பு.

பகல் தூக்கம் மூன்றரைக்குள் முடியட்டும். ஆறேமுக்காலுக்குச் சாப்பாடு, ஏழேகாலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு கழுவி, ஏழரைக்கு டி.வி.யும் டியூப் லைட்டும் அணைத்து, சின்ன விளக்கில் ஒரு பாட்டோ கதையோ, எட்டுக்குப் பாயில். கண் சொருகும்போது, முழுதாகத் தூங்குமுன், கீழே விடுங்கள். தூக்கத்தின் நடுவில் விழித்தாலும் அதே இடத்தில் தானே மறுபடி தூங்கப் பழகும். பத்தரையிலிருந்து ஒரே நாளில் எட்டுக்குக் கொண்டுவர முடியாது. மூன்று நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று முன்னுக்கு இழுங்கள். முதல் மூன்று நாள் நிலைமை மோசமாகும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் பாட்டி தொட்டிலாட்டி, ஒரு நாள் அப்பா தோளில் போட்டு, ஒரு நாள் போன் காட்டித் தூங்கப்பண்ணினால் நாலு மாதமானாலும் பிடிபடாது. யார் செய்தாலும் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும்.

தூங்கியும் தீராத அசதி

இரண்டு வாரம் துண்டு கிடைத்தும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மயிர் கொட்டுகிறது, மத்தியானம் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால் காரணம் ரத்தத்தில் இருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் சோகை. 8-ஐ ஒட்டினால் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கக்கூடும், அது ஃபெரிட்டின் பரிசோதனையில்தான் தெரியும். கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.எச்.; பிரசவமாகி நாலு முதல் எட்டு மாதத்தில் தைராய்டு மந்தமாவது உண்டு, அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்கிக்கொண்டு திரிவார்கள். அசைவம் சாப்பிடாதவர் பி 12-உம் பார்க்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் இலவசமாகவே பார்க்கலாம்.

பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். சுகாதார நிலையத்திலேயே தருகிறார்கள். பலருக்கு அது வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் காபி, டீ. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் கூடாது. எலுமிச்சைச் சாறோடு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் உடம்பில் ஏறும், குமட்டலும் தெரியாது. மலம் கறுப்பாகப் போவது சாதாரணம். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) இரும்புச்சத்தை அதைவிடச் சீக்கிரம் கொடுக்கும். கீரை என்றால் எலுமிச்சை பிழிந்து.

தாய்ப்பால் கொடுப்பவருக்கு முதல் ஆறு மாதம் நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பிள்ளை மிச்சம் வைத்த நாலு வாய் சாதத்தில் அது வராது.

அடுப்பங்கரை

சுருக்கமாகச் சொல்லலாம். நாலு டம்ளர் புழுங்கலரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். நாலு பேருக்கு மூன்று நாள் வரும். வெயில் காலத்தில் ஐந்து, ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும், ஆகவே மத்தியானம் அரைத்து ராத்திரி படுக்குமுன் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மார்கழியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ராத்திரி அரையுங்கள். கேழ்வரகுக் கூழ் முதல் நாளே காய்ச்சி வைத்தால் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்ப்பதுதான் வேலை. வட ஆற்காட்டுக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் களி கிண்டுவது மட்டும் பிள்ளை இடுப்பில் இருக்கும்போது வேண்டாம், தெறிக்கும்.

காபி இரண்டு டம்ளரோடு, அதுவும் மத்தியானம் இரண்டு மணிக்குள். குடித்ததில் பாதி, ஐந்து ஆறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாயங்கால டீயைக் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்குத் துண்டு கிடைத்தும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர்கள் பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் முறத்தை மடிக்கு இழுப்பார்கள். மத்தியானத் தூக்கத்தில் முதல் இருபது நிமிடம் நீங்களும் படுங்கள், 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து. அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுந்து இன்னும் கனக்கும். பிறகு முறம். புகையிலைத் தூளை வேறு மூலைக்குக் கொண்டுபோய், பால் கொடுக்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேல் சேலையை மாற்ற வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியவை

பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வந்ததும்தான் அசதி உச்சத்துக்குப் போகும். அங்கே ஆயா, சித்தி என்று நாலு கை இருந்தது. "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எது என்று தெரியாது. "அத்தை, ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் பாப்பாவ வாசல்ல வெச்சிக்கிறீங்களா, நான் குளிச்சி சாப்டுட்டு வந்துடறேன்" என்று நேரமும் வேலையும் சொல்லிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. பார்க்க வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா டீ போடுவது நம் வழக்கம். அதைத் திருப்பிப் போடலாம்: டீ அவர்கள் போடட்டும்.

இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்பலாம். மத்தியானச் சாப்பாடு அங்கேயே, வீட்டுக்குப் பல மணி நேரம் கை ஓய்வு. முதல் வாரம் ஒரு மணி நேரமாக விட்டுப் பழக்குங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம்; அம்மா நாளுக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தனியாக உண்டு. சூப்பர்வைசர் தெரியாது என்பார். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

மனசு

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே போகும். இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், குழந்தையைப் பார்த்தாலே பாரமாக இருந்தால் அது சிகிச்சை உள்ள நோய். அப்பாக்களுக்கும் வரும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்திலும் பார்க்கலாம். ஊரில் மனநல மருத்துவர் என்றாலே ஒரு கூச்சம் உண்டு. பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன என்று தெரிந்தால் பலர் முன்னமே போயிருப்பார்கள். யாரோ பேசுவது கேட்கிறது, தூங்காமலே மூன்று நாள் சுறுசுறுப்பாக இருக்கிறார், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறார் என்றால் தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினாலும் அதே எண்தான்.

அழுகை நிற்காமல் கை ஓங்குகிற கோபம் வந்தால், குழந்தையை மல்லாத்திப் பாயில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஐந்து நிமிடம் தனியாக அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

தூங்காத ராத்திரிக்கு மறுநாள் குழந்தையை முன்னால் வைத்துப் பைக்கில் நெடுஞ்சாலையில் போக வேண்டாம். பெங்களூர் சாலையில் இரண்டு விநாடி கண் மூடினால் போதும், நாற்பது மீட்டர் போயிருக்கும்.

காய்ச்சல் நாளில்

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியில் மேலே சொன்ன எந்த ஏற்பாடும் நிற்காது. முறையை மட்டும் விடாமல், நேரத்தைச் சுருக்குங்கள்: மூன்று மணி நேரத்துக்கு ஒருவர். முறை மாறும்போதுதான் விபத்து நடக்கிறது. ஒருவர் பத்தரைக்கு மருந்து கொடுத்திருப்பார், இன்னொருவர் தெரியாமல் பன்னிரண்டுக்கு மறுபடி கொடுப்பார். பாரசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி.; 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப்பில் அது 3 மில்லி, 120 மி.கி. உள்ளதில் ஆறேகால் மில்லி, மில்லிக்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. மூன்றும் வீட்டில் இருந்தால் ஒன்றை மட்டும் வெளியே வைத்து மற்றதைப் பூட்டிவிடுங்கள். கொடுத்த நேரத்தையும் மில்லியையும் அந்தக் காலண்டர் தாளில் எழுதி பாட்டிலோடு ரப்பர் பேண்டு போட்டு வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து வேண்டாம், ராத்திரியானாலும் மருத்துவமனைக்கு.

காய்ச்சல் விட்ட மறுநாள் பிள்ளை பத்து மணிக்கு எழும். அன்றைக்கு யாரும் எழுப்ப வேண்டாம். முதல் முறையை அன்று ராத்திரி எட்டுக்கே ஆரம்பித்து, அதிகம் விழித்தவருக்கு முதல் துண்டைக் கொடுங்கள்.